ஒரு பிகோஆம்பியரின் பயணம்

டீசல் எஞ்சினின் புகையில் எரியாமல் தப்பிய எரிபொருளை அளக்கும் கருவிக்குள் ஒரு சின்ன ஹைட்ரஜன் சுடர் எரிகிறது. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத சுடர். புகை வரும் குழாயை ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கனமான ஹைட்ரோகார்பன்கள் வழியிலேயே படிந்துவிடும்.

வெறும் ஹைட்ரஜன் எரியும்போது சுடரில் மின்னூட்டம் மிகமிகக் குறைவு. ஹைட்ரோகார்பன் வந்து சிதைந்ததும், கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிய துணுக்கு ஒன்று ஆக்சிஜன் அணுவோடு மோதி ஓர் எலக்ட்ரானை உதறுகிறது. லட்சக்கணக்கான கார்பன் அணுக்களில் ஏதோ ஒன்றுக்குத்தான் இப்படி நேர்கிறது. 1950களின் பிற்பகுதியில் மெல்பர்னில் மெக்வில்லியம், டூவர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பிடித்து அளக்கும் வழியைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இன்னொரு குழுவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பிறந்த எலக்ட்ரானை அப்படியே விட்டால் பக்கத்து அயனியோடு சேர்ந்து மறைந்துவிடும். அதனால் சுடர் எரியும் முனைக்கும், அதற்கு மேலே நிற்கும் உலோக உருளைக்கும் இடையே 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். எலக்ட்ரான் உருளையை நோக்கி இழுபடுகிறது. அங்கே சேரும் மின்னோட்டம் 1 பிகோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்: நொடிக்குச் சுமார் 62 லட்சம் எலக்ட்ரான்கள். கேட்க நிறையத் தோன்றும். மின்னணுவியலில் இது ஒன்றுமே இல்லை.

எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். உருளையைத் தாங்கும் மின்காப்பின் தடை ஒரு லட்சம் கோடி ஓம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் குறுக்கே 200 வோல்ட் இருந்தால் கசிவு 200 பிகோஆம்பியர். நாம் தேடும் மின்னோட்டத்தைப் போல் இருநூறு மடங்கு! ஒரு விரல் ரேகையின் பிசுக்கு இந்தத் தடையை இன்னும் குறைத்துவிடும். ஆகவே நல்ல வடிவமைப்பில் அழுத்தத்தை முனைக்குக் கொடுத்து, உருளையைப் பூஜ்ய வோல்ட் அருகே நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே தரையோடு இணைத்த ஒரு காவல் வளையம் போடுகிறார்கள். கசிவு அங்கேயே இறங்கிப் போய்விடும். வெளியே வரும் கேபிளை ஆட்டினாலும் உராய்வில் மின்னூட்டம் பிறக்கும் என்பதால், கவசப் பின்னலுக்கு அடியில் கிராஃபைட் பூசிய கேபிளைத் தேடி வாங்குகிறார்கள்.

அடுத்து, இந்த மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டர். முன்பு தனி வகை வெற்றிடக் குழாய். இன்று உள்ளீட்டில் சில பத்து ஃபெம்டோஆம்பியருக்கு மேல் உறிஞ்சாத ஆப்-ஆம்ப். எலக்ட்ரானுக்கு அதற்குள் வழி கிடையாது. பக்கத்திலுள்ள ஆயிரம் கோடி ஓம் பின்னூட்ட ரெசிஸ்டர் வழியாகத்தான் அது போக வேண்டும். அப்படிப் போகும்போது வெளியீட்டில் 10 மில்லிவோல்ட் எழுகிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 1 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் ஒட்டியிருந்தாலே நூறில் ஒரு நொடி தாமதம்.

அந்த வோல்ட்டை எண்ணாக்கி, சுத்தமான காற்றில் கிடைத்த அளவைக் கழித்து, தெரிந்த அளவு புரொப்பேனோடு ஒப்பிட்டுத் திரையில் காட்டுவது மைக்ரோகண்ட்ரோலரின் வேலை. அதற்கு இன்னொரு தகவலும் தேவை. சுடர் அணைந்துபோனாலும் மின்னோட்டம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். எலக்ட்ரோமீட்டருக்கு அது சுத்தமான காற்று போலவே தெரியும். அதனால் சுடருக்குப் பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள் காத்திருக்கிறது. அது குளிர்ந்தால் ஹைட்ரஜன் வால்வு மூடிக்கொள்கிறது.