செல்லாக்காசிலும் ஒரு சுரூபம்

தியானப் பகுதி: மத்தேயு 22:15-22



இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டு வந்தவர்களிடம் ஆண்டவர் வரிக்காசு ஒன்றைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள சுரூபம் யாருடையது என்று வினவினார். அது திபேரியு இராயனின் வெள்ளித் தெனாரியம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட அவனுடைய காசுகள், வாணிபத்தின் வழியே கடல் கடந்து வந்து, நம் கொங்கு நாட்டு மண்ணிலும் மிகுதியாய்க் கிடைத்துள்ளன. ரோமக் காசுகள் பல எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

முகத்தை மட்டும் கண்டு மன்னனை அறிவது எளிதன்று. அகுஸ்துவும் திபேரியுவும் வாகைமாலை சூடிப் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரே சாயலில் தோன்றுகின்றனர். நம் நாட்டில் மிகுதியாய்க் கிடைக்கும் வெள்ளிக் காசுகளில், மறுபுறம் கேடயங்களோடு இரு இளைஞர் நின்றால் அது அகுஸ்துவினுடையது. ஒரு பெண் அமர்ந்திருந்தால் திபேரியுவினுடையது. ஐயத்தை முற்றும் தீர்ப்பது மேலெழுத்தே. அதில் திபேரியு, தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் குமாரன் எனப்படுகிறான். மெய்யான தேவகுமாரனுக்கு முன்பாக நீட்டப்பட்டது இத்தகைய காசுதான்.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இராயனுடைய முகத்தின் குறுக்கே ஆழமான வெட்டுக்காயம் இருந்தது. மீண்டும் நாணயமாய்ப் புழங்காதபடி வேண்டுமென்றே அவ்வாறு வெட்டினர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவை செல்லாக்காசுகளாயின. ஆயினும் எஞ்சிய சாயலும் எழுத்தும் அவை எந்த இராயனுடையவை என்று காட்டின. பொன்னும் பொன்னாகவே இருந்தது.

மனிதன் தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டவன் என்கிறது ஆதியாகமம். பாவம் அச்சாயலைச் சிதைத்தது, உரியவரை மாற்றவில்லை. இராயனுடைய சுரூபம் உள்ள காசு இராயனுக்குரியது என்றால், தேவனுடைய சுரூபம் உள்ள மனிதன் யாருக்குரியவன்?

குடியினால் நிலைகுலைந்த மகனையும், தொழிற்பேட்டையில் வேலையிழந்து தலைகுனிந்து நிற்கும் தகப்பனையும், நம் வீடுகளே சில வேளை செல்லாக்காசு என்று தள்ளிவிடுகின்றன. வெட்டுக்காயம் நம் கண்ணுக்குத் தெரிகிறது; சிருஷ்டித்தவரோ தம் சாயலைக் காண்கிறார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நாம், இவ்வாரம் அத்தகைய ஒருவருடைய வாசலுக்குச் சென்று, பெயர் சொல்லி அழைத்து, அருகே அமர்வோமாக. தேவனுடையதைத் தேவனுக்குச் செலுத்துவதில் அதுவும் அடங்கும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.