‘அம்மா’ என்று எழுதியும் கேட்காத தமிழ்

எறிகணைச் சிதறலாலோ கண்ணிவெடியாலோ பார்வையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் கைபேசி பாவிக்கப் பழகியவர்கள் இந்தக் கட்டுரையைக் காதால் வாசிப்பார்கள். அதற்கு உதவும் மென்பொருளின் பெயர் திரைவாசிப்பான். திரையில் உள்ள எழுத்தை எடுத்துச் செயற்கைக் குரலில் சொல்வது அதன் வேலை. அது யாரால் உருவானது, எங்கள் தமிழைப் பல இடங்களில் ஏன் அதனால் வாசிக்க முடிவதில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தேவைப்பட்டவர்களே உருவாக்கியது

அமெரிக்கரான டெட் ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1978 இல் கார் விபத்தொன்றில் பார்வையை இழந்தார். பின்னர் கணினி நிரலாக்கம் கற்றார். அவரது நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ‘ஜோஸ்’ உலகில் அதிகம் பாவிக்கப்பட்ட திரைவாசிப்பான்களில் ஒன்றானது. ஆனால் அதன் விலை ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலராக இருந்தது. எங்களைப் போன்ற நாடுகளில் ஒரு குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை.

2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர், விண்டோஸ் கணினிகளுக்கான ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடன் ஜேம்ஸ் டே இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் அறிமுகமானவர்கள். கணினியைப் பாவிக்கப் பார்வையற்றவர் மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. என்விடிஏ இன்றும் இலவசம். அதில் தமிழ்க் குரலும் உண்டு.

பொத்தான்கள் இல்லாத கைபேசி வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. வழவழப்பான கண்ணாடியில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் வளர்ந்து, 14 வயதில் பார்வையை இழந்து, கூகுளில் பணியாற்றிய டி. வி. ராமன் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். திரையில் விரல் முதலில் எங்கே படுகிறதோ, அந்த இடமே 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8, இடது பக்கம் சாய்வாக மேலே இழுத்தால் 1. எண்ணைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. பார்க்க முடிந்த ஒருவருக்கு இந்த யோசனை இலகுவில் வந்திருக்காது.

2009 இல் ஐபோனில் ‘வொய்ஸ்ஓவர்’ வந்தது. அன்ட்ரொயிட்டில் ‘டோக்பேக்’ வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டும் கைபேசியுடனேயே வருகின்றன. தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விரலால் தொட்டால் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும்.

குரல் தடுமாறும் இடம்

கிளிநொச்சியில் நான் சந்தித்த ஒருவர் போரின் இறுதி மாதங்களில் இரு கண்களையும் இழந்தவர். நான் சொல்லைப் பிரித்தறிய முடியாத வேகத்தில் குரலை ஓடவிட்டுச் செய்தி கேட்கிறார். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அயலவரிடம் காட்டி வாசிக்கக் கேட்கும் நிலை இப்போது இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது தனக்கு மட்டும் தெரிந்திருப்பது அவருக்குப் பெரிய விடயம்.

ஆனால் உதவித்திட்ட அறிவித்தல்கள் பலவற்றைத் தன்னால் கேட்க முடிவதில்லை என்றார். கடைசி நாள் முடிந்த பிறகே யாரோ சொல்லித் தெரியவருகிறதாம். இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்கு ‘அம்மா’ தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவாவது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற ஆங்கில எழுத்துகளும் குறியும்தான். தமிழ் என்பது மேலே போர்த்திய உருவம் மட்டுமே. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதையே வாசிக்கும். கேட்பவருக்கு அது வெறும் உளறல். ஒருங்குறியில், அதாவது யுனிகோட்டில், தட்டச்சு செய்தால் ‘அ’ என்ற எழுத்து ‘அ’ ஆகவே பதிவாகிறது. குரலும் ‘அம்மா’ என்றே சொல்லும்.

இரண்டாவது, படமாக்கப்பட்ட எழுத்து. கடிதத்தைப் படம் பிடித்து முகநூலில் இடுகிறோம். மரண அறிவித்தலையும் படமாகவே வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பல நேரங்களில் அங்கே ‘படம்’ என்ற ஒரு சொல் மட்டும் கேட்கும். இறந்தது யார், கிரியை எப்போது என்பது தெரியாது.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆவது உறுப்புரை, தகவலும் தகவல் தொழில்நுட்பமும் எல்லோரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 4 ஆவது உறுப்புரை, தம்மைப் பற்றிய தீர்மானங்களில் மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ஆகவே வாசிக்கக்கூடிய அறிவித்தலைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நாங்கள் செய்யக்கூடியவை

அறிவித்தல்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் உள்ள பழைய கோப்புகளை மாற்றித்தரும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படம் இட்டால், அதில் உள்ள விபரத்தைக் கீழே எழுத்திலும் இடுங்கள். திகதி, இடம், தொலைபேசி இலக்கம் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டில் பார்வை குறைந்த ஒருவர் இருந்தால், அவரது அன்ட்ரொயிட் கைபேசியின் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதிக்குள் சென்று டோக்பேக்கை இயக்குங்கள். குரலுக்கான மொழியாகத் தமிழைத் தெரிவு செய்யலாம். முதல் சில நாட்கள் சிரமமாக இருக்கும். பக்கத்தில் இருந்து பழக்குங்கள், கைபேசியை வாங்கி நீங்களே செய்துவிடாதீர்கள்.

அலுவலகத்திலோ சங்கத்திலோ இணையப் பக்கத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விண்ணப்பப் படிவத்தை வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவருக்கு அனுப்பி, முடிவுத் திகதி என்ன என்று கேளுங்கள். அவரால் யாருடைய உதவியும் இன்றிச் சொல்ல முடிந்தால் வெளியிடுங்கள். முடியாவிட்டால் திருத்த வேண்டியது அந்தப் படிவத்தைத்தான்.