எல்லை தாண்டிய கல்வியும் சமூக அடையாளமும்: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம்

வேற்று நாட்டிலோ மாநிலத்திலோ படிக்கப் போகும் மாணவர், தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் புதிதாக உணர்கிறார். இந்த உணர்வை விளக்கும் சமூக அடையாளக் கோட்பாட்டை 1979-இல் ஜான் டர்னருடன் முன்வைத்த ஹென்றி டாஜ்ஃபெல்லும் அப்படிப் போனவர்தாம். போலந்து யூதரான அவர் பிரான்சில் படித்தார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பிரெஞ்சுக்காரர் என்று கருதப்பட்டதே அவர் உயிரைக் காத்தது.

விருதுநகர் மாவட்டத்தில் இந்த அடையாள உணர்வைக் காண ஏற்ற இடம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில். 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் கல்வி நிறுவனத்தில் ஆந்திரம், தெலங்கானா மாணவர்கள் ஏராளம். சொந்த ஊரில் குண்டூர்க்காரர் என்றோ சாதிப் பெயராலோ அறியப்பட்டவர் இங்கு எல்லாருக்கும் 'தெலுங்குப் பையன்'. 2014-இல் இரண்டான மாநிலத்தின் பிள்ளைகள், விடுதியில் ஓர் ஆவக்காய்ப் பாட்டிலைச் சுற்றி ஓரணியாகிவிடுகிறார்கள். உடன் படிக்கும் தமிழ் மாணவருக்கும் தாம் தமிழர் என்ற நினைப்பு அப்போதுதான் அழுத்தமாக எழுகிறது.

இந்த வட்டாரத்துக்குத் தெலுங்கு புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். முன்னோர் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய இராஜபாளையம் ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. அம்மொழியைப் பேசியபடியே தமிழ்நாட்டுக்காரராக வாழ முடியும் என்பதை வெளிமாநில மாணவர் இங்கே நேரில் காண்கிறார். வகுப்பறையில் கிடைக்கும் எதையும்விட இது பெரிது. இந்த இராஜபாளையம் ராஜுக்களில் ஒருவரான பூ. ச. குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராகவே இருந்தார்.