மண் உதறிய வேர்கள்: தென்னிந்தியத் தாவர ஓவியத்தில் நிலமும் உணவும்

1853இல் வெளிவந்த ‘ஐகோனெஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ நூலின் கடைசித் தொகுதியில், ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று பெயர் சூட்டினார். ஆளுநர் எவரையும் மகிழ்விக்க வைத்த பெயர் அல்ல அது. நூலுக்குப் படம் வரைந்த கோவிந்து என்ற ஓவியருக்குச் செய்த மரியாதை. பூவை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வரைவதில் இந்நாட்டு ஓவியர்களில் கோவிந்துவுக்கு இணை இல்லை. தூரக்காட்சி முறையில் உள்ள குறையை விட்டுவிட்டால் ஐரோப்பியரிலும் அவரை மிஞ்சுவோர் அரிது என்ற பொருள்பட வைட் எழுதினார்.

பாராட்டோடு ஒட்டி வந்த இந்தக் குறையைச் சற்று நின்று பார்க்கலாம். மடங்கிய இலையும் பார்ப்பவரை நோக்கி நீண்ட பூவும் தாளில் குறுகித் தெரியவேண்டிய விதத்தைத்தான் வைட் குறிப்பிட்டிருப்பார். ஆனால் கோவிந்துவின் தாள்களில் தூரம் என்ற ஒன்றே கிடையாது. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு கிளை, அடியில் குறுக்காக அறுத்துக் காட்டிய சூலகம், ஓரத்தில் பெரிதாக்கிய மகரந்தத்தாள். மண்ணோ பக்கத்துச் செடியோ பறிக்கும் கையோ கண்ணில் படாது. தென்னிந்திய ஓவியத்தில் செடி எப்போது தன் நிலத்தையும் சமையற்கட்டையும் விட்டு இப்படித் தனியே வந்து நின்றது? அந்தப் பிரிவில் எது போயிற்று, எது தங்கிற்று? வெள்ளைக்காரர் வந்து பிடுங்கிப்போட்டார்கள் என்ற சுருக்கமான விடையோடு நிறுத்திக்கொள்ளச் சான்றுகள் விடவில்லை.

பழைய நிலையை அறியப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் குடைவரைக்குப் போகவேண்டும். அதன் அர்த்தமண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மொட்டும் மலரும் இலையும் நெருங்கிக் கிடக்க, இடையிடையே மீன், வாத்து, யானை, எருமை. நடுவில் தாமரை பறிக்கும் ஆடவர். சமண சமவசரணக் கதையோடு இணைத்து இதற்கு விளக்கம் சொல்வர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இக்குடைவரையைப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. நம் கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தத் தாமரையைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதைப் பறிப்பவனையும் நீக்க முடியாது. தொல்காப்பியப் பொருளதிகாரம் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைப்பதும் இதே பார்வைதான். கவிதையிலக்கணத்தை ஓவிய வரலாற்றின் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. எனினும் இரண்டும் ஒரே நிலத்தில் விளைந்தவை.

சோழமண்டலக் கரையின் எழுத்துத் துணிகளில் இந்த உறவு வேறொரு வடிவம் கொண்டது. அங்கே செடி ஓவியத்தின் பொருளாக இருந்ததோடு ஓவியத்தின் மையாகவும் இருந்தது. கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் துணியை ஊறவைத்துக் காயப்போடுவார்கள். இரும்பை வெல்லம் சேர்த்து ஊறவைத்த கருநீரால் கோடு இழுப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் போட்ட நீரில் துணியைக் காய்ச்சினால் தீட்டிய இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பாலும் வெல்லமும் கடுக்காயும் சேர்ந்து நடக்கும் இந்த வேலையில் பாதி அடுப்படிச் சரக்கு.

இம்முறைக்கு நல்ல ஆவணங்கள் உண்டு. வேதியியலாளர் து ஃபே கேட்டுக்கொண்டதற்காகப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியூ, 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் ஒரு துணியின் ஒவ்வொரு கட்ட வேலையையும் பார்த்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் கட்டத்துக்கு ஒன்றாகத் துணித் துண்டையும் வெட்டி வைத்தார்; அவை பாரிசில் இன்னும் இருக்கின்றன. 1742இல் இயேசு சபைத் துறவி கேர்து தம் கடிதத்தில் இதே தொழிலை விவரித்தார். இருவரின் அக்கறையும் தொழில் இரகசியத்தில் இருந்தது. வண்ணம் போகாத பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் புதிராகவே இருந்துவந்தது.

இம்பூறல் என்றும் பெயர் பெற்ற சாயவேர், சுண்ணாம்புச் சத்துள்ள கடற்கரை மணலில் விளைந்தால் நிறம் கூடும். செடியின் உயரம் கொஞ்சம்தான், சரக்கெல்லாம் வேரில். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் இதைத் தோண்டி எடுப்பது அரசு வருவாய்க்குரிய வேலையாக இருந்தது. ஆக, ஒரு துணியில் சிவப்பாகத் தெரிந்த இதழுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட மணலும் அதைக் கிளறிய கைகளும் இருந்தன. ஆனால் அந்த இதழ் எந்தச் செடியின் இதழ்? ஐரோப்பாவுக்குப் போன பலங்கப்போசு விரிப்புகளில் ஒரு பாறைக் குன்றின் மேல் ஒற்றை மரம் எழுந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துவகைப் பூக்களை ஒருசேரப் பூத்திருக்கும். பாரசீகமும் சீனமும் ஆங்கிலேயர் அனுப்பிய மாதிரிகளும் கலந்த மரம் அது. மை சொந்த மண்ணிலிருந்து வந்தது. மரம் எந்த மண்ணிலும் முளைக்காதது. நிலத்திலிருந்து செடி விலகிய முதல் படி இதுதான் என்பது என் கணிப்பு. தாவரவியலாளர் கையில் தாள் வருவதற்கு முன்பே ஏற்றுமதிச் சந்தை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

மேற்குக் கரையில் ஒல்லாந்து ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ இரண்டாம் படி. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி அந்தணர்களும் தந்த அறிவால் நின்ற நூல் இது. முகப்புப் படத்தில், தாவரவியல் ஒரு தேவியாகப் பந்தலின் கீழ் அமர்ந்திருக்க, உள்ளூர் மக்கள் செடித் தொட்டிகளை ஏந்திவந்து கொடுக்கிறார்கள். அடுத்த பக்கம் புரட்டியபின் அந்த மக்களை அதிகம் காண முடியாது. ஆனாலும் படங்களின் மேல் இலத்தீன் எழுத்தோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் செடியின் பெயர் இருக்கிறது. முதல் தொகுதி தென்னையில் தொடங்குவதும் கவனிக்கத்தக்கது: அந்தக் கரையின் சோற்றுக்கும் கூரைக்கும் விளக்குக்கும் உதவும் மரம் அது. ஆள் போனாலும் பெயர் இருந்தது.

வில்லியம் ராக்ஸ்பர்கில் துணியின் வழியும் தாளின் வழியும் ஒன்றையொன்று தொட்டன. எடின்பரோவில் மருத்துவம் படித்த அவர் 1781 முதல் கோதாவரி வடிநிலத்தருகே சாமர்லகோட்டாவில் இருந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தாவரவியலாளரானார். அங்கே ஓர் இந்திய ஓவியரை அமர்த்திச் செடிகளை வரையச் செய்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அவற்றில் 300ஐத் தேர்ந்தெடுக்க, ‘சோழமண்டலக் கரைத் தாவரங்கள்’ 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதியிலேயே சாயவேர் இருக்கிறது. சாயம் ஏற்றும் முறையையும் ராக்ஸ்பர்க் விரிவாக எழுதியிருக்கிறார். பல நூற்றாண்டுகள் துணிக்குச் சிவப்பைத் தந்த செடி, இப்போது தானே படமாகித் தாளில் கிடக்கிறது. சாயம் படத்திலிருந்து உரைக்கு இடம் மாறிவிட்டது. படம் சொல்வது இலையடுக்கையும் பூவமைப்பையும் மட்டும்.

அதற்காக ராக்ஸ்பர்க் நிலத்தை மறந்தவர் என்று சொன்னால் அநியாயம். வடசர்க்கார்ப் பகுதியில் 1789 முதல் 1792 வரை வாட்டிய பஞ்சத்தை நேரில் கண்டவர் அவர். மழை பொய்த்தாலும் உணவு தரும் தென்னை, சவ்வரிசிப் பனை, வாழை, பலா, ஈரப்பலா போன்றவற்றைக் கால்வாய்க் கரைகளில் நடவேண்டும் என்று அரசுக்கு எழுதினார். அதே காலத்தில் அவருடைய ஓவியர் வரைந்த தாள்களில் பஞ்சத்தின் நிழல்கூட விழவில்லை. 1793இல் கல்கத்தாத் தோட்டத்துக்கு மாறிய பின்னர் ஓவியத் தொகுப்பு 2,500ஐத் தாண்டியது. ஓவியர்கள் பெரும்பாலும் பெயரின்றியே இருக்கிறார்கள்.

பெயர் வந்தது வைட்டின் காலத்தில்தான். 1819இல் இந்தியா வந்த அவர் 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளரானார். ரங்கையா என்ற ஓவியர் அவருக்கு வரையத் தொடங்கியது அந்த ஆண்டுகளில். 1828இல் செலவைக் குறைக்க அரசு அந்தப் பதவியையே ஒழித்து வைட்டை நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பிற்று. ரங்கையாவின் தூரிகை ஓயவில்லை. ரங்கையாவும் பின்னர் 1845ஐ ஒட்டி அவரிடத்துக்கு வந்த கோவிந்துவும் தெலுங்கு பேசும் ராஜு ஓவியச் சமூகத்தினர் என்று கருதப்படுகிறது. கண்ணாடி பதித்துப் பொன்னிலை ஒட்டித் தஞ்சையில் கடவுளரை எழுதியவர்கள் இச்சமூகத்தார். அவர்களுள் சிலர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் ஏற்கெனவே செடிகளையும் விலங்குகளையும் வரைந்து பழகியிருக்க வாய்ப்புண்டு. ஐரோப்பிய இயற்கையறிவில் சரபோஜி கொண்ட ஈடுபாடு நன்கு அறிந்த செய்தி.

அந்தப் பழக்கம் ரங்கையாவின் தாள்களில் தெரிகிறது. கிளையைத் தாளின் பரப்புக்கு ஏற்ப வளைப்பது, ஒவ்வோர் இலைக்கும் தனித் தெளிவு கொடுப்பது, நிழலைக் குறைத்து நிறத்தைச் சமமாக நிரப்புவது எல்லாம் தெய்வப் படத்தின் கைவாகு. தோரணத்தைச் சீர்படுத்தும் கண்தான் காம்பையும் சீர்படுத்துகிறது. வைட் எதைக் குறை என்றாரோ, அது இந்தச் சீரின் மறுபக்கம் என்றே எனக்குப் படுகிறது. பின்னாளில் நுண்ணோக்கியின் கீழ் அறுத்த உறுப்புகள் படத்தின் அடியில் கூடக் கூட, தாள் இரண்டு மொழி பேசத் தொடங்கிற்று: மேலே தஞ்சை, கீழே லின்னேயஸ்.

வைட் படங்களைக் கல்லச்சில் சென்னையிலேயே அச்சிட்டார். ‘ஐகோனெஸ்’ 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைத் தந்தது. பல படங்களின் மூலையில் ‘ரங்கையா வரைந்தது’, ‘கோவிந்து வரைந்தது’ என்ற குறிப்பு உண்டு. அன்றைய கம்பெனி ஓவியத்தில் இது சாதாரணமன்று. ஆனால் அதே படத்தில் செடியின் பெயர் இலத்தீனில் மட்டும்தான். வான் ரீட்டின் நூலில் ஊர்ப்பெயர் நிற்க ஓவியர் பின்னால் போனார். வைட்டின் நூலில் ஓவியர் முன்னால் வர ஊர்ப்பெயர் விலகிற்று. இந்த மாற்றத்தைத் தாவர ஓவிய வரலாற்றாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. செடி யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு காலங்கள் தந்த இருவேறு விடைகள் இவை.

வைட்டின் சம்பளம் எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1836இல் வருவாய்த் துறைக்கு மாறிய அவருடைய வேலை பருத்தி, புகையிலை, நிலாவாரை போன்ற விளைபொருள்களை ஆராய்வது. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுச் சோதனைப் பண்ணைகளுக்கு அவரே பொறுப்பாளர். கோவிந்து ஆர்க்கிட்டின் உதட்டிதழை அளந்து வரைந்த அதே ஆண்டுகளில், லங்காஷயர் ஆலைகளுக்கு நீண்ட இழை தேடிக் கொங்கு நாட்டுக் கரிசலும் செம்மண்ணும் சோதனைக்கு உட்பட்டன. சோதனை பெரிதாகப் பலிக்கவில்லை. ஓவியம் நிலத்தை விட்டு விலக விலக, அதை ஆதரித்த அரசு நிலத்துக்குள் ஆழமாக இறங்கியது.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர் அது. தாவரவியலாளர் ஹ்யூ கிளெகார்ன் அதன் மாணவர்களையும் கோவிந்துவையும் கொண்டு செடிப் படங்கள் வரையச் செய்தார். வெப்பமண்டலக் காடுகள் அழிவதன் விளைவுகள் பற்றி 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் அறிக்கை வைத்த கிளெகார்ன், 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் காடுகள் காப்பாளரானார். காட்டை எரித்து மாற்றி மாற்றிப் பயிரிடும் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். தாளில் செடியைத் தனியே நிறுத்திப் பழகிய கண், மலையில் மரத்தைத் தனியே நிறுத்திப் பார்த்ததில் வியப்பில்லை. அந்த மரங்களுக்கிடையே சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள் காட்டுக்கு இடையூறு என்று கணக்காயினர்.

அவர்களில் நீலகிரியின் குறும்பரும் அடங்குவர். வைட் 1845 முதல் 1851 வரை வெளியிட்ட ‘ஸ்பிசிலெஜியம் நீல்கெரென்சே’ இதே மலையின் தாவரங்களைப் பற்றியது. கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பைப் பாறைகளில் பழைய ஓவியங்கள் உள்ளன. அவற்றைத் தம் முன்னோர் எழுதியதாகச் சொல்லும் ஆலு குறும்பர், வீட்டுச் சுவரில் எழுதிவந்ததை அண்மைக் காலத்தில் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். பாறையில் கொடியேணி கட்டித் தேன் எடுப்பது, திருவிழா, வயல் வேலை எல்லாம் அவற்றில் உண்டு. செடி தனியே நிற்கும் படத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. பச்சைக்கு இலைச்சாறு, கருமைக்கு மரப்பட்டை, மஞ்சளுக்கும் பழுப்புக்கும் வேங்கைப் பிசின். அந்த வேங்கைக்கு ‘டெரோகார்ப்பஸ் மார்சுப்பியம்’ என்று இலத்தீன் பெயர் வைத்தவர் ராக்ஸ்பர்க். அவர் நூலின் இரண்டாம் தொகுதியில் அதற்கு ஒரு முழுப் பக்கப் படம் இருக்கிறது.

கோவிந்தூயியா என்ற பேரினப் பெயர் இன்று தாவரவியலில் வழக்கில் இல்லை. அந்த ஆர்க்கிட்டை டிராபிடியா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். வைட், கிளெகார்ன் தொகுப்புகளின் பெரும்பகுதி எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. தாவரவியலாளர் ஹென்றி நோல்டி அங்கிருந்து 2007இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே ரங்கையா, கோவிந்து பெயர்கள் கலை வரலாற்றுக்குள் நுழைந்தன. குறும்பர் ஓவியம் பழங்குடிக் கலை என்ற வேறு அலமாரியில் இருக்கிறது.