வழிநூலின் மரியாதை: டீப் பர்ப்பிளும் ஒரு புதிய கிதாரும்

1993 நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கியில் நடந்த நிகழ்ச்சியோடு ரிச்சி பிளாக்மோர் டீப் பர்ப்பிள் குழுவைவிட்டு விலகினார். 1968இல் இங்கிலாந்தில் அக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பாடகர் இயன் கில்லனுக்கும் அவருக்கும் இடையே நெடுங்காலமாகப் புகைந்துகொண்டிருந்த பூசல் அந்த ஆண்டு முற்றியிருந்தது. அடுத்த மாதம் ஜப்பானில் நிகழ்ச்சிகள் இருந்தன. கிதார் வாசிக்க ஆளில்லை.

ஹார்ட் ராக் இசையில் இது சாதாரண இழப்பன்று. பாடகர் மாறினால் குரல் மாறும். கிதார் கலைஞர் மாறினால் பாட்டின் எலும்பே மாறிவிடும். 'ரிஃப்' எனப்படும் சிறிய கிதார் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்குவதுதான் இவ்விசையின் அடிப்படை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி எரிந்ததைப் பாடும் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் ஒரு சொல்லும் அறியாதவர்கூட அதன் தொடக்கத் தொடரை முணுமுணுப்பார்கள். அத்தொடர் பிளாக்மோருடையது. ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனோடு மோதியும் கூடியும் அவர் கிதார் எழுப்பிய ஒலியைத்தான் உலகம் டீப் பர்ப்பிள் என்று அறிந்திருந்தது.

இதற்கு முன்பும் ஒருமுறை அவர் விலகியதுண்டு. 1975இல் அவர் போனபோது டாமி போலின் என்ற அமெரிக்க இளைஞரை அழைத்துவந்தார்கள். பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' என்ற ஜாஸ் இசைத்தொகுப்பில் வாசித்துப் பெயர்பெற்றவர். வயது இருபத்து மூன்று. அவருடன் உருவான 'கம் டேஸ்ட் த பேண்ட்' இன்று கேட்கும்போது நல்ல தொகுப்பாகவே இருக்கிறது. ஆனால் மேடையில் ரசிகர்கள் பிளாக்மோரின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். போதைப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1976 மார்ச்சில் லிவர்பூல் நிகழ்ச்சியோடு குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இருபத்தைந்து வயதில், போலின் இறந்துபோனார். பின்னால் வருபவன் முன்னவனின் நிழலில் நின்றே கருகிப்போகலாம் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

1984இல் பிளாக்மோர் உள்ளிட்ட பழைய ஐவரும் மீண்டும் கூடினார்கள். முதல் தொகுப்பான 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கம்பீரமானது. அதன்பின் மெல்ல மெல்லக் குழு தன்னையே நகலெடுக்கத் தொடங்கியது. ஆகவே 1993இல் எழுந்த கேள்வி, பிளாக்மோரின் இடத்தை யார் நிரப்புவது என்பது மட்டுமாக இல்லை. நிரப்பத் தகுந்ததாக ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதும்தான்.

ஜப்பான் நிகழ்ச்சிகளையும் 1994 கோடையின் ஐரோப்பிய நிகழ்ச்சிகளையும் ஜோ சாட்ரியானி வாசித்துக் காப்பாற்றினார். தனிக் கலைஞராக ஏற்கெனவே புகழும் ஒப்பந்தமும் உடையவர் அவர், தங்கவில்லை. அப்போது வந்தவர்தான் ஸ்டீவ் மோர்ஸ். 'டிக்ஸி ட்ரெக்ஸ்' என்ற குழுவை நடத்தியவர். ஜாஸும் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த வாசிப்பு. இடையில் சில காலம் இசையை விட்டுவிட்டுப் பயணிகள் விமானம் ஓட்டியவர். பிளாக்மோரின் கிதார் நாடகத்தன்மை கொண்டது. மௌனமும் திடீர்ச் சீற்றமும் அதன் இயல்பு. மோர்ஸ் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மீட்டித் துலக்கமாக ஓடும் வாசிப்புக்காரர். இருவருக்கும் பொதுவானவை குறைவு. அதுவே நல்லதாகப் போயிற்று.

1994 நவம்பரில் மெக்ஸிகோவில் அவரது முதல் நிகழ்ச்சி. 1995 ஏப்ரலில் குழு பம்பாய்க்கு வந்தது. இன்னும் வெளிவராத தொகுப்பின் பாடல்கள் சில, பழைய பாடல்களுக்கு நடுவே, அங்கே வாசிக்கப்பட்டன. பதிவு செய்யுமுன் பாட்டை மேடையில் வாசித்துப் பார்ப்பது புதியவருக்குச் சபையில் இடம் தருவதும்தானே.

புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் பதிவான 'பர்ப்பெண்டிகுலர்' 1996 பிப்ரவரியில் வந்தது. குழுவின் பெயரையும் செங்குத்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்த சிலேடை அது. பன்னிரண்டு பாடல்கள். எல்லாவற்றிலும் ஆக்கியோர் என்று ஐவர் பெயரும் இருக்கின்றன. நேற்று வந்தவருக்கும் சமபங்கு.

முதல் பாடல் 'டெட் த மெக்கானிக்'கில் கிதார் கம்பிகள் கீச்சிடும் மேல்சுரங்களாகத் தெறிக்கின்றன. பழைய டீப் பர்ப்பிளில் இவ்வொலி கிடையாது. 'தி ஏவியேட்டர்' ஏறக்குறைய ஒரு நாட்டுப்புறப் பாடல். கனத்த ஒலிக்குப் பேர்போன குழு அதில் எடையின்றி மிதக்கிறது. 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' மெல்லிய கிதார் பின்னலில் தொடங்கி ஏழு நிமிடங்களுக்கு மேல் வளர்கிறது. கில்லனின் குரலில் இளமையின் உச்சங்கள் இல்லை. பதிலாக ஒரு களைப்பும் கனிவும் வந்திருக்கின்றன. பின்னர் பல ஆண்டுகள் மேடையில் நிலைத்த பாடல் இது.

இத்தொகுப்பை முதன்முறை கேட்டபோது நான் பிளாக்மோரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத இடங்களை மட்டுமே கேட்டேன் என்று சொல்லவேண்டும். நாடாவை ஓரமாக வைத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துக் கேட்டபோதுதான் ஒன்று விளங்கியது. இயன் பெய்ஸின் முரசும் லார்டின் ஆர்கனும் புதிய கிதாருக்கு ஏற்பத் தங்கள் நடையை மாற்றிக்கொண்டிருந்தன. மோர்ஸ் குழுவுக்குள் வந்ததைப் போலவே குழுவும் மோர்ஸை நோக்கி நகர்ந்திருந்தது. சிதைந்துகொண்டிருந்த 1975இன் குழுவால் போலினுக்கு இதைக் கொடுக்க முடியவில்லை. திறமையில் போலின் குறைந்தவரல்லர். அவரைத் தாங்கும் வீடு இல்லை.

தொகுப்பு பெரிய அளவில் விற்கவில்லை. ஆனால் குழு பிழைத்தது. 2002இல் லார்ட் விலகி டான் ஏரி வந்தபோதும் நிற்கவில்லை. மோர்ஸ் எட்டு ஸ்டூடியோ தொகுப்புகளில் வாசித்தார். மனைவியின் நோய் காரணமாக 2022இல் விலகும்வரை இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார்; பிளாக்மோரின் இரண்டு காலங்களையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

எனினும் 2016இல் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது, கௌரவிக்கப்பட்ட எட்டுப் பேரில் மோர்ஸ் இல்லை, போலினும் இல்லை. பிளாக்மோர் விழாவுக்கு வரவில்லை. அன்று மேடையில் அவருடைய தொடர்களை வாசித்தவர் பட்டியலில் இடம்பெறாத மோர்ஸ்தான்.

நன்னூல் மூவகை நூல்களைச் சொல்கிறது. முதல்நூலுக்கு அடுத்தது வழிநூல். முன்னோர் கண்ட முடிவோடு ஒத்துப்போகவேண்டும். பின்னவன் விரும்பும் வேறுபாட்டையும் சொல்லவேண்டும். மரபு அழியாமலும் இருக்கவேண்டும். மூன்றையும் ஒருசேரச் செய்வது முதல்நூல் செய்வதைவிட எளிதென்று எனக்குத் தோன்றவில்லை. பவணந்தியின் நூலே தொல்காப்பியத்துக்கு வழிநூல்தான். அதைக் கொண்டுதான் பல தலைமுறைகள் இலக்கணம் கற்றன.

2024 ஜூலையில் குழுவின் அடுத்த தொகுப்பு வந்தது. கிதார், வட அயர்லாந்தைச் சேர்ந்த சைமன் மெக்பிரைட். அவரை மோர்ஸோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும் ரசிகர்களும் இப்போது இருக்கிறார்கள். ஒரு காலத்தில் மோர்ஸைப் பிளாக்மோரோடு ஒப்பிட்டதைப் போலவே. வழிநூலும் ஒருநாள் முதல்நூலாகிவிடுகிறது.