வெண்டி டேவிஸ்: கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்து 11 மணி நேரம் நின்று பேசிய டெக்சாஸ் உறுப்பினர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாண செனட் அவையில் 2013, ஜூன் 25-ஆம் தேதி சுமார் 11 மணி நேரம் நின்றபடியே பேசி, கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை அன்றிரவு நிறைவேறவிடாமல் தடுத்தவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வெண்டி டேவிஸ். அந்த வெற்றி மூன்று வாரங்கள்கூட நீடிக்கவில்லை.

அரசியல் பயணம்

1963-இல் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் பிறந்த டேவிஸ், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே தாயான அவர், சமுதாயக் கல்லூரியில் பயின்று, 1993-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். 1999 முதல் ஃபோர்ட் வொர்த் நகர மன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். 2008-ஆம் ஆண்டு தேர்தலில் குடியரசுக் கட்சியின் கிம் பிரைமரைத் தோற்கடித்து மாகாண செனட்டுக்குத் தேர்வானார். பள்ளிக் கல்விக்கான நிதிக் குறைப்பை எதிர்த்து 2011-லும் அவையில் நீண்ட உரை நிகழ்த்தியுள்ளார்.

மசோதா கூறியது என்ன?

'எஸ்.பி. 5' எனப்பட்ட மசோதா, கருவுற்று 20 வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடை செய்தது. கருக்கலைப்பு மையங்கள் அறுவை சிகிச்சை மையங்களுக்கு இணையான தரத்தில் அமைய வேண்டும் என்றும், 30 மைல் (சுமார் 48 கி.மீ.) தொலைவுக்குள் உள்ள மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் உரிமை மருத்துவர்களுக்கு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பெண்களின் பாதுகாப்பே நோக்கம் என ஆதரவாளர்கள் கூறினர். பெரும்பாலான மையங்களை மூடுவதே நோக்கம் என்றார் டேவிஸ்.

நள்ளிரவு வரை

31 உறுப்பினர்கள் கொண்ட அவையில் ஜனநாயகக் கட்சிக்கு 12 இடங்களே இருந்தன. சிறப்புக் கூட்டத் தொடர் அன்று நள்ளிரவுடன் முடிவடைய இருந்ததால், அதுவரை பேசிக்கொண்டே இருப்பது மட்டுமே எதிர்ப்பாளர்களுக்கு எஞ்சிய வழி. பேசுபவர் உட்காரவோ, மேசையில் சாயவோ, உண்ணவோ, கழிப்பறைக்குச் செல்லவோ விதிகள் அனுமதிக்கவில்லை. மசோதாவை விட்டு விலகியும் பேசக் கூடாது. இளஞ்சிவப்பு நிற ஓட்டக் காலணி அணிந்து வந்த டேவிஸ், பெண்கள் அனுப்பிய அனுபவக் கடிதங்களை வாசித்தார்.

முதுகுப் பட்டையை அணிய சக உறுப்பினர் உதவியது உள்பட மூன்று விதிமீறல்கள் சுட்டிக்காட்டப்பட்டு, இரவு 10 மணியளவில் அவரது உரை நிறுத்தப்பட்டது. எனினும் பார்வையாளர் மாடத்தில் எழுந்த முழக்கத்தால் வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டியது. மசோதா செல்லாது என அதிகாலையில் அறிவிக்கப்பட்டது.

தொடர்ந்தது என்ன?

ஆளுநர் ரிக் பெர்ரி உடனடியாக மற்றொரு சிறப்புக் கூட்டத் தொடரைக் கூட்டினார். அதே கட்டுப்பாடுகள் 'எச்.பி. 2' என்ற பெயரில் நிறைவேற்றப்பட்டு, ஜூலை 18-இல் சட்டமாயின. அதன்பின், சுமார் 40-ஆக இருந்த மையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மையங்களின் தரம், மருத்துவர் உரிமை ஆகியவை குறித்த பிரிவுகளை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2016-இல் 5-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது.

இதற்கிடையே, 2014 ஆளுநர் தேர்தலில் கிரெக் அபோட்டிடம் டேவிஸ் பெரும் வித்தியாசத்தில் தோல்வியடைந்தார். பெண்ணின் முடிவுக்குப் போதிய இடம் அளித்தால் 20 வார வரம்பை ஏற்கலாம் என்று பிரசாரத்தின்போது அவர் கூறியது விவாதத்துக்கு உள்ளானது. 2020-இல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலிலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை.

இன்றைய நிலை

கருக்கலைப்புக்கான அரசமைப்பு உரிமையை உச்சநீதிமன்றம் 2022, ஜூன் 24-இல் ரத்து செய்தது. அதைத் தொடர்ந்து, டெக்சாஸில் ஏறத்தாழ முழுமையான தடை ஆகஸ்ட் 25-இல் நடைமுறைக்கு வந்தது. தாயின் உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நேரும் நிலையில் மட்டுமே விலக்கு உண்டு. சிசுவின் மூளைக் குறைபாடு அதில் இடம்பெறவில்லை.

1990-களில் தனது இரு கர்ப்பங்கள் மருத்துவக் காரணங்களால் கலைக்கப்பட்டதாக டேவிஸ் 2014-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் தெரிவித்திருந்தார். அவற்றில் ஒன்றுக்குக் காரணம், சிசுவின் மூளையில் கண்டறியப்பட்ட கடுமையான குறைபாடு.