இன்சுலின் எதிர்ப்பும் கருவுறுதலும்

இன்சுலின் எதிர்ப்பு என்பது உடலின் தசை, கல்லீரல், கொழுப்பு ஆகிய திசுக்கள் இன்சுலின் என்னும் இயக்குநீருக்கு (ஹார்மோனுக்கு) போதிய அளவில் இணங்காத நிலையாகும். இது இரண்டாம் வகை நீரிழிவு நோயின் முன்னோடியாகப் பரவலாக அறியப்படுகிறது. எனினும், இரத்தச் சர்க்கரை உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது பெண்களின் கருமுட்டை வெளியேற்றத்தைக் குலைத்து, கருவுறுதலைத் தாமதப்படுத்தக்கூடும். குழந்தையின்மைக்கான காரணங்களுள் எளிய முறைகளால் கண்டறியவும் பெருமளவு சீர்செய்யவும் கூடியவற்றில் இதுவும் ஒன்றாகும்.

பொறிமுறை

உணவுக்குப் பின் குருதியில் சேரும் குளுக்கோசைத் திசுக்களுக்குள் செலுத்த உதவுவது இன்சுலினின் முதன்மைப் பணியாகும். திசுக்கள் இணங்காதபோது கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. இதனால் சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கும். இன்சுலின் அளவு மட்டும் உயர்ந்திருக்கும்.

தசைகள் இன்சுலினுக்கு இணங்காவிட்டாலும் சினைப்பைகள் (சூலகங்கள்) தொடர்ந்து இணங்குகின்றன. எனவே மிகையான இன்சுலின் பின்வரும் விளைவுகளை உண்டாக்குகிறது.

* பிட்யூட்டரி சுரப்பியின் லூட்டினாக்க இயக்குநீருடன் சேர்ந்து, சினைப்பையில் ஆண்பால் இயக்குநீர்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது.
* பாலியல் இயக்குநீர்களைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதைக் குறைக்கிறது. ஆகவே குருதியில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மிகுகிறது.
* இவற்றின் விளைவாகக் கருமுட்டை நுண்ணறைகள் முழு வளர்ச்சி பெறாமல் பாதியில் நின்றுவிடுகின்றன, கருமுட்டை வெளியேறுவதில்லை.

இவ்வாறு நின்றுபோன நுண்ணறைகளே ஸ்கேன் சோதனையில் 'நீர்க்கட்டிகள்' எனத் தென்படுகின்றன. பெயர் அவ்வாறு வழங்கினாலும் இவை உண்மையில் கட்டிகள் அல்ல. இந்நிலை பல்நீர்க்கட்டிச் சினைப்பை நோய்க்குறி (பி.சி.ஓ.எஸ்.) எனப்படுகிறது. இந்நோய்க்குறி உள்ள பெண்களுள் பெரும்பாலானோருக்கு இன்சுலின் எதிர்ப்பு காணப்படுகிறது.

வரலாறு

1921இல் பிரான்சு நாட்டு மருத்துவர்களான அசார், தியேர் ஆகியோர் முகத்தில் மயிர் வளர்ச்சியும் நீரிழிவும் ஒருங்கே அமைந்த பெண் ஒருவரைப் பற்றி எழுதினர். 1935இல் சிகாகோவைச் சேர்ந்த இசுட்டைன், லெவெந்தால் ஆகியோர் மாதவிடாய் தடைப்பட்டுச் சினைப்பைகள் பெருத்திருந்த ஏழு பெண்களை விவரித்தனர். 1936இல் இலண்டனில் இம்சுவொர்த், நீரிழிவு நோயாளிகளுள் இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என இரு பிரிவினர் உள்ளதைக் காட்டினார். தனித்தனியாக வளர்ந்த இவ்விரு துறைகளும் 1980இல்தான் இணைந்தன. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் குருதியில் இன்சுலினும் ஆண்பால் இயக்குநீர்களும் சேர்ந்தே உயர்ந்திருப்பதை அவ்வாண்டு பர்கன் குழுவினர் வெளியிட்டனர்.

இந்தியாவில்

இந்தியர்களின் உடலமைப்பு இச்சிக்கலுக்குக் கூடுதல் இடமளிக்கிறது. மெலிந்த தோற்றம் உடையவர்க்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருக்கலாம். புனேயைச் சேர்ந்த யாக்னிக், பிரித்தானியரான யுட்கின் ஆகிய இரு மருத்துவர்கள் 2004இல் தம்மையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினர். இருவருக்கும் உடல் நிறை சுட்டெண் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எனவே, 'ஒல்லியாக இருப்பவருக்கு இச்சிக்கல் வராது' என்னும் கருத்து தவறானதாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு தழுவி நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், 18 முதல் 40 வயதுப் பெண்களுள் 19.6 விழுக்காட்டினருக்கு இந்நோய்க்குறி இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இது 2003ஆம் ஆண்டின் ரோட்டர்டாம் வரையறைப்படியான கணக்கு. கடுமையான மற்றொரு வரையறைப்படி இது 7.2 விழுக்காடு.

கண்டறிதல்

கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இன்சுலின் எதிர்ப்பின் வெளிப்படையான அடையாளமாகும். இதனை அழுக்கு எனக் கருதித் தேய்ப்பதால் பயனில்லை. ஒழுங்கற்ற மாதவிடாய், முகத்தில் மயிர் வளர்ச்சி, பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு ஆகியன பிற குறிப்புகள்.

ஆய்வாளர்கள் 1985இல் ஆக்சுபோர்டில் உருவான ஒரு சுட்டெண்ணைப் பயன்படுத்துகின்றனர். வெறும் வயிற்றில் உள்ள குளுக்கோசை (மி.கி./டெ.லி.) இன்சுலினால் (மைக்ரோ அலகு/மி.லி.) பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். குளுக்கோசு 90, இன்சுலின் 18 எனில் சுட்டெண் 4 ஆகும். இங்கு சர்க்கரை இயல்பாக இருந்தும் சுட்டெண் உயர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் இன்சுலின் அளவீடுகள் போதிய துல்லியம் அற்றவை என்பதால், 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் அன்றாட மருத்துவத்தில் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. 75 கிராம் குளுக்கோசு அருந்திச் செய்யும் சோதனையையே முதன்மையாகக் கொள்கிறது. இதற்குப் பெருநகரம் செல்லத் தேவையில்லை. விருத்தாசலம் போன்ற நகரங்களின் சாதாரண ஆய்வகங்களிலும் இதனைச் செய்ய இயலும்.

சிகிச்சை

உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் முதல் படியாகும். உடல் எடை மிகுந்தவர்கள் அதில் 5 முதல் 10 விழுக்காட்டைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில் 531 பேர் பங்கேற்றனர். இது கருவுறுதல் பற்றிய ஆய்வன்று. எனினும், வாழ்க்கை முறை மாற்றம் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடும், மெட்ஃபார்மின் மருந்து 26.4 விழுக்காடும் குறைத்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை.

மெட்ஃபார்மின் இன்சுலின் எதிர்ப்பைக் குறைப்பினும், கருவுறுதலுக்குத் தனித்துத் தருகையில் அதன் பயன் குறைவே. அமெரிக்காவில் 626 பெண்களிடம் நடந்த ஆய்வில் (2007) மெட்ஃபார்மின் பெற்றோருள் 7.2 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் பெற்றோருள் 22.5 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் 750 பெண்கள் பங்கேற்றனர். அதில் குளோமிஃபீன் 19.1 விழுக்காடும் லெட்ரோசோல் 27.5 விழுக்காடும் பயன் தந்தன. பாதுகாப்புக் குறித்த ஐயத்தால் இந்திய அரசு 2011இல் இப்பயன்பாட்டுக்கு லெட்ரோசோலைத் தடை செய்து, 2017இல் அத்தடையை நீக்கியது. இன்று இதுவே முதல்நிலை மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

கருவுற்ற பின்னர்

நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்களால் கருவுற்ற எல்லாப் பெண்களிடமும் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கூடுகிறது. முன்னரே எதிர்ப்பு உள்ளவர்களுக்குக் கருவுற்ற கால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேசையா பரப்பிய ஒருபடிச் சோதனை, வயிறு வெறுமையாக இல்லாதபோதும் செய்யத்தக்கது. 75 கிராம் குளுக்கோசு அருந்தி இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு எனக் கொள்ளப்படும்.

ஆண்களும் சமூகப் பார்வையும்

இன்சுலின் எதிர்ப்பும் உடற்பருமனும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைப்பதோடு விந்தணுக்களின் தரத்தையும் பாதிக்கக்கூடும். ஆகவே கணவன், மனைவி இருவரையும் சோதிப்பது இன்றியமையாதது. தமிழ்ச் சமூகத்தில் குழந்தையின்மைக்கான பழி நெடுங்காலமாகப் பெண் மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது. இந்நிலை உள்ள பெண் 'மலடி' அல்லர். அவரது கருமுட்டைகள் தீர்ந்துவிடவில்லை, வெளியேறாமல் நிற்கின்றன. இன்சுலின் அளவு குறையும்போது கருமுட்டை வெளியேற்றம் முன்னறிவிப்பின்றி மீளக்கூடும். எனவே, 'இனிக் கருத்தரிக்காது' என எண்ணிக் கருத்தடை முறைகளைக் கைவிடுவதும் தவறாகும்.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* மாதவிடாய்
* குழந்தையின்மை